காலாவதியான மருத்துவ உரிமத்தை மீளப் பெறுதல்: நிலுவையைக் கட்டினால் போதுமா?

வாசகர் கேள்வி, 4 பிப்ரவரி 2024

என் மருத்துவ உரிமம் காலாவதியாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இடைப்பட்ட காலத்தில் நோயாளிகளைப் பார்க்கத் தேவையில்லாத நிர்வாகப் பணியில் இருந்தேன். என் மீது ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லை. புதுப்பிக்காமல் விட்டேன், அவ்வளவுதான். ஓட்டுநர் உரிமத்தைப் போல நிலுவைக் கட்டணத்தையும் அபராதத்தையும் செலுத்திவிட்டால் திரும்பக் கொடுத்துவிடுவார்கள் என்றும், மற்றதெல்லாம் வீண் பயமுறுத்தல் என்றும் நான் நினைக்கிறேன். இதில் தவறு இருக்கிறதா?

4 பிப்ரவரி, மாலை

பாதி சரி. மீதிப் பாதி உங்களை அலைக்கழிக்கும்.

ஒரு மருத்துவரின் கோப்பில் இரண்டு தேதிகள் இருக்கின்றன. உரிமம் காலாவதியான தேதி ஒன்று. அவர் கடைசியாக ஒரு நோயாளிக்குத் தாமே பொறுப்பேற்றுச் சிகிச்சை அளித்த தேதி மற்றொன்று. முதல் தேதியால் வரும் சிக்கலைப் பணமும் படிவமும் தீர்த்துவிடும். இரண்டாவது தேதியால் வரும் சிக்கலை அவற்றால் தீர்க்க முடியாது. நிலுவையைக் கட்டினால் போதும் என்பவர்கள் முதல் தேதியை மட்டுமே பார்க்கிறார்கள். விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் குழுவோ இரண்டாவது தேதியைத் தேடித்தான் பக்கங்களைப் புரட்டும்.

நானும் ஆய்வுக்கூட வேலைக்குப் போய், உரிமத்தைப் புதுப்பிக்காமல் விட்டு, பின்னர் வார்டுக்குத் திரும்பியவன். இப்போது அவ்வாறு திரும்பி வருபவர்களுக்கு மேற்பார்வையாளராகக் கையெழுத்திடும் பொறுப்பில் இருக்கிறேன். ஆகவே மேசையின் இரு பக்கங்களிலும் உட்கார்ந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

5 பிப்ரவரி

எந்த நாட்டின் உரிமம் என்று நீங்கள் குறிப்பிடவில்லை. உங்கள் நான்கு ஆண்டுகளை இரண்டு இடங்களில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு புரியும்.

கலிபோர்னியாவில், காலாவதியான உரிமத்தை ஐந்து ஆண்டுகளுக்குள் நிலுவைக் கட்டணங்கள் அனைத்தையும் செலுத்திப் புதுப்பித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அதனுடன் தொடர் மருத்துவக் கல்விக்கான கணக்கையும் காட்ட வேண்டும். அங்கே அது இரண்டு ஆண்டுகளுக்கு 50 மணி நேரம். ஐந்து ஆண்டுகள் கடந்துவிட்டால் அந்த உரிமத்தைப் புதுப்பிக்கவே முடியாது; புதிய விண்ணப்பதாரராக முதற்படியிலிருந்து வர வேண்டும். ஆக, அங்கே உங்கள் வாதம் ஏறத்தாழ நிற்கும், இன்னும் ஓராண்டு வரை.

அதே நான்கு ஆண்டுகளுடன் ஆஸ்திரேலியாவுக்குப் போனால் கதை வேறு. அங்கே மருத்துவ வாரியம் அண்மைக்காலப் பணியனுபவம் என்ற தகுதியைத் தனியாக அளக்கிறது: ஓராண்டில் குறைந்தது 152 மணி நேரம், அல்லது தொடர்ச்சியான மூன்று ஆண்டுகளில் 456 மணி நேரம் பணியாற்றியிருக்க வேண்டும். வாரத்துக்கு 38 மணி நேரம் என்ற கணக்கில் முதலாவது நான்கு வாரங்கள், இரண்டாவது பன்னிரண்டு வாரங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அனுபவமுள்ள ஒருவர் ஓராண்டு வரை விலகியிருந்தால் கூடுதலாக எதுவும் கேட்பதில்லை. ஓராண்டுக்கும் மூன்று ஆண்டுகளுக்கும் இடைப்பட்டால், பணிக்குத் திரும்புமுன் குறைந்தது ஓராண்டுக்குரிய தொடர்கல்வியை முடித்திருக்க வேண்டும். மூன்று ஆண்டுகளைத் தாண்டிவிட்டால், எவ்வாறு பணிக்குத் திரும்பப்போகிறீர்கள் என்று ஒரு திட்டம் எழுதி வாரியத்தின் ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டும். உங்கள் இடைவெளி இந்தக் கடைசி வகையில் விழுகிறது.

இந்தியாவின் 2002ஆம் ஆண்டு தொழில் ஒழுக்க விதிமுறைகள் ஐந்து ஆண்டுகளுக்கு 30 மணி நேரத் தொடர் மருத்துவக் கல்வியைக் கேட்கின்றன. நோயாளியோடு செலவிட்ட மணிக்கணக்கை அவை கேட்பதில்லை. கேட்கவில்லை என்பதால் அந்த இடைவெளி இல்லாமல் போய்விடாது. அதைப் பற்றிப் பின்னர்.

5 பிப்ரவரி, இரவு

கலிபோர்னியாவைப் பற்றிய பத்தியை மறுபடி படித்தேன். அதில் ஒரு வரி சேர்க்காவிட்டால் தவறான நம்பிக்கையைக் கொடுத்ததாகும். உரிமம் புதுப்பிக்கப்பட்டுவிட்டது என்பதற்காக மருத்துவமனை உங்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. தகுதிச் சரிபார்ப்புப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. தொழில்முறைப் பொறுப்புக் காப்பீட்டு நிறுவனம் என்று ஒன்று இருக்கிறது. இரண்டும் கடந்த சில ஆண்டுகளில் எத்தனை நோயாளிகளைப் பார்த்தீர்கள், எந்தெந்தச் செயல்முறைகளைச் செய்தீர்கள் என்று அட்டவணை கேட்கும். வாரியம் கேட்காமல் விட்ட இரண்டாவது தேதியை அவர்கள் கேட்பார்கள்.

8 பிப்ரவரி

பதிவும் உரிமமும் ஒன்றா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இடத்துக்கு இடம் தலைகீழாகும். பிரிட்டனில் 2009 நவம்பர் 16 முதல் பதிவும் பணிபுரியும் உரிமமும் தனித்தனியானவை. பதிவேட்டில் பெயரை வைத்துக்கொண்டே உரிமத்தை மட்டும் துறக்கலாம். நியூயார்க்கில் உரிமம் பறிக்கப்படாத வரை ஆயுள் முழுவதும் உங்களுடையது. அவ்வப்போது புதுப்பிக்க வேண்டியது பதிவைத்தான். ஆகவே எது காலாவதியானது என்பதை முதலில் பதிவேட்டில் உங்கள் பெயரைத் தேடிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பெரும்பாலான பதிவேடுகளை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். உங்கள் பழைய நோயாளிகளும் அதைத்தான் பார்க்கிறார்கள்.

எவ்வாறு வெளியேறினீர்கள் என்பதையும் அங்கேயே பாருங்கள். தாமாக விலகிக்கொண்டது, கட்டணம் செலுத்தாததால் நீக்கப்பட்டது, ஒழுங்கு நடவடிக்கையால் நீக்கப்பட்டது ஆகிய மூன்றுக்கும் மூன்று வழிகள். கடைசி வகையினர் பிரிட்டனில் ஐந்து ஆண்டுகள் கழியாமல் மீள்சேர்க்கைக்கு விண்ணப்பிக்கவே முடியாது. இங்கே நான் எழுதுவதெல்லாம் முதல் இரு வகையினருக்கு.

11 பிப்ரவரி

ஆவணங்களைப் பற்றி விரிவாக எழுதச் சொன்னார்கள். என்னென்ன வேண்டும் என்பதை எந்த மருத்துவ கவுன்சிலின் படிவமும் சொல்லிவிடும்: பட்டச் சான்று, அடையாளச் சான்று, பயிற்சிச் சான்று, தொடர்கல்விச் சான்றுகள், முன்பு பதிவு பெற்றிருந்த ஒவ்வொரு இடத்திலிருந்தும் நன்னிலைச் சான்று (உங்கள் பதிவில் ஒழுங்குக் குறை இல்லை என்ற கடிதம்), தற்போது உங்களை அறிந்த மருத்துவர்களின் பரிந்துரைகள், இடைவெளியைப் பற்றிய விளக்கக் கடிதம். எவற்றை எந்த வரிசையில் கேட்பது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. அலைச்சல் முழுவதும் அந்த வரிசையில்தான் இருக்கிறது.

நன்னிலைச் சான்றுக்கு ஆயுள் குறைவு. பிரிட்டனில் மருத்துவர் பதிவேட்டை நடத்தும் ஜெனரல் மெடிக்கல் கவுன்சில், கடந்த ஐந்து ஆண்டுகளில் பணியாற்றிய நாடுகளின் ஒழுங்குமுறை அமைப்புகளிடமிருந்து அந்தச் சான்றைக் கேட்கும். அது மூன்று மாதங்களுக்கு மேல் பழையதாக இருந்தால் ஏற்காது. பயிற்சி பெற்ற மருத்துவமனையிடமிருந்து வர வேண்டிய உறுதிப்படுத்தலுக்கோ எந்தக் காலக்கெடுவும் கிடையாது. அது வரும்போது வரும். நான் பயிற்சி பெற்ற மருத்துவமனை இடையில் வேறொன்றோடு இணைக்கப்பட்டிருந்தது. பழைய பணியாளர் கோப்புகள் எந்தக் கட்டடத்தில் இருக்கின்றன என்பதைக்கூட அங்கே உறுதியாகச் சொல்ல ஆளில்லை. அவர்களுடைய கடிதத்துக்காகக் காத்திருந்தபோது, நான் முதலிலேயே வாங்கி வைத்திருந்த நன்னிலைச் சான்று செல்லாததாகிவிட்டது. அதை மறுபடி கேட்டால், முந்தைய சான்றை எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று அதை வழங்கிய கவுன்சில் கேட்கிறது. எதற்கும் பயன்படவில்லை என்பது உண்மையான பதில்தான். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

ஆகவே மெதுவாக வருவதை முதலில் கேளுங்கள், சீக்கிரம் கெடுவதைக் கடைசியில் கேளுங்கள். பழைய பயிற்சிச் சான்றுகள், மூடப்பட்ட அல்லது இணைக்கப்பட்ட நிறுவனங்களின் உறுதிப்படுத்தல்கள், பெயர் மாற்றத்துக்கான ஆவணங்கள் ஆகியவை முதல் சுற்று. பரிந்துரைகள் இரண்டாம் சுற்று. நன்னிலைச் சான்றுகளுக்கு, மற்ற எல்லாம் கையில் வந்து சேர்ந்த பின்னரே எழுதுங்கள்.

அமெரிக்காவுக்குரிய ஒரு சேர்க்கை: மருத்துவர்கள் மீதான ஒழுங்கு நடவடிக்கை போன்றவற்றைச் சேர்த்து வைக்கும், 1990 செப்டம்பர் முதல் இயங்கும் தேசிய மருத்துவர் தரவு வங்கியில் உங்களைப் பற்றி என்ன பதிவாகியிருக்கிறது என்று நீங்களே கேட்டு வாங்கலாம். வாரியம் பார்ப்பதற்கு முன் நீங்கள் பார்த்துவிடுவது நல்லது.

12 பிப்ரவரி

சான்றளிக்கப்பட்ட நகல் என்று கேட்டிருந்தால், மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்திட்ட நகல் வேண்டும். முத்திரை மட்டும் போதாது. முத்திரை தெளிவாக விழுந்து அதற்கு அடியிலுள்ள பட்டப்பெயர் படிக்க முடியாமல் போனதால் திரும்பி வந்த ஒரு கோப்பை நான் பார்த்திருக்கிறேன்.

19 பிப்ரவரி

விளக்கக் கடிதம் எழுதுவது எப்படி என்று கேட்டவருக்கு: மாதவாரியாக எழுதுங்கள். உரிமம் முடிந்த நாளிலிருந்து இன்று வரை ஒரு மாதம்கூட விடுபடாமல், எங்கே இருந்தீர்கள், என்ன செய்தீர்கள், அதில் நோயாளி தொடர்பு இருந்ததா என்று வரிசையாக வர வேண்டும். குழந்தை வளர்ப்பு, பெற்றோரின் நோய், சொந்த நோய், வேறு தொழில் எதுவானாலும் ஒரே வாக்கியத்தில் நேராகச் சொல்லலாம். மன்னிப்புக் கேட்கும் குரல் தேவையில்லை. பரிசீலிப்பவர்களை உறுத்துவது இடைவெளியின் காரணம் அன்று, கணக்கில் வராத எட்டு மாதங்கள். அதே கடிதத்தின் ஒரு பிரதியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கவுன்சில், மருத்துவமனை, காப்பீட்டாளர் மூவருக்கும் மூன்று விதமான தேதிகளைக் கொடுத்தால், யாரும் உங்களைப் பொய்யர் என்று சொல்ல மாட்டார்கள். கோப்பு மட்டும் நகராது.

அடுத்தது உறுதிமொழிப் பக்கம். எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா, எந்த அமைப்பாவது உங்கள் விண்ணப்பத்தை மறுத்ததா, நிலுவையில் விசாரணை இருக்கிறதா, பணியைப் பாதிக்கும் உடல்நலச் சிக்கல் இருக்கிறதா என்ற கேள்விகள். பழைய சிறு விவகாரம் ஒன்றுக்கு ஆம் என்று குறித்து ஒரு பத்தி விளக்கம் இணைத்தால் பெரும்பாலும் கூடுதலாக ஒரு கடிதம் வரும், அவ்வளவே. இல்லை என்று குறித்து, அது பின்னர் வேறு வழியில் தெரிய வந்தால், அந்தச் சிறு விவகாரத்தை எல்லாரும் மறந்துவிட்டு, மறைத்ததை மட்டும் விசாரிப்பார்கள். இங்கே சிக்கனம் பார்க்காதீர்கள்.

20 பிப்ரவரி

உடல்நலக் கேள்வியைப் பற்றி நேற்று ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். அது தனியாகப் பேச வேண்டியது. மனச்சோர்வுக்காகச் சிகிச்சை எடுத்தவர்கள் இந்தக் கேள்விக்கு அஞ்சியே விண்ணப்பத்தைத் தள்ளிப்போடுகிறார்கள், சிலர் சிகிச்சையையே தவிர்க்கிறார்கள். அமெரிக்க மாநில மருத்துவ வாரியங்களின் கூட்டமைப்பு 2018இல், பழைய நோயறிதலைக் கேட்க வேண்டாம், இப்போது பணித்திறனைப் பாதிக்கும் நிலை இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள் என வாரியங்களுக்குப் பரிந்துரைத்தது. எல்லாப் படிவங்களும் அதைப் பின்பற்றுவதில்லை. ஆகவே கேள்வியை ஒவ்வொரு சொல்லாகப் படியுங்கள். தற்போது என்று கேட்டிருந்தால் தற்போதையதை மட்டும் சொன்னால் போதும். உண்மை சொல்வது என்பது கேட்காததையும் கொட்டிவிடுவது என்று ஆகாது. நேற்று சிக்கனம் வேண்டாம் என்று எழுதியதை இதோடு சேர்த்துப் படிக்கவும்.

2 மார்ச்

கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார்: உரிமம் வேண்டுமானால் அண்மையில் நோயாளிகளைப் பார்த்திருக்க வேண்டும் என்கிறார்கள், நோயாளிகளைப் பார்க்க வேண்டுமானால் உரிமம் வேண்டும் என்கிறார்கள், இதில் எங்கிருந்து தொடங்குவது?

இதுவே உண்மையான முடிச்சு, இதற்கு மூன்று வழிகள் நடைமுறையில் இருக்கின்றன. பார்வையாளராக ஒரு வார்டில் இணைவது முதலாவது. நோயாளியிடம் வரலாறு கேட்கலாம், மருத்துவர்கள் வார்டைச் சுற்றி வரும்போது உடன் நிற்கலாம், முடிவு எடுக்கக் கூடாது, மருந்து எழுதக் கூடாது. இதற்குப் பெரும்பாலான இடங்களில் உரிமம் தேவைப்படாது. ஆனால் மணிக்கணக்கில் இது அண்மைக்காலப் பணியனுபவமாகச் சேருமா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். நிபந்தனைகளுடன் கூடிய உரிமம் இரண்டாவது; குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட மேற்பார்வையாளரின் கீழ் மட்டும் பணியாற்ற அது அனுமதிக்கும். மூன்றாவது, முறையான மறுநுழைவுப் பயிற்சித் திட்டம். இங்கிலாந்தில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் விலகியிருந்த குடும்ப மருத்துவர்களுக்கு இத்தகைய திட்டம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவிலும் பல மாநில வாரியங்கள் இரண்டு ஆண்டு இடைவெளியை எல்லைக்கோடாகக் கொள்கின்றன. அதைத் தாண்டினால் தேர்வு, திறன் மதிப்பீடு, மேற்பார்வைக் காலம் ஆகியவற்றில் ஒன்றையோ சிலவற்றையோ விதிக்கலாம்.

மேற்பார்வை என்றதும் பலருக்கு முகம் சுருங்குகிறது. பதினைந்து ஆண்டுகள் அனுபவமுள்ளவர் தம்மைவிட இளையவரிடம் ஒப்புதல் கேட்டு நிற்பதா என்ற தயக்கம் எனக்கும் இருந்தது. ஆனால் அது ஒரே நிலையில் உறைந்து கிடப்பதில்லை. ஆஸ்திரேலிய வாரியம் அதை நான்கு படிகளாக வகுத்திருக்கிறது. முதற்படியில் மேற்பார்வையாளர் உடனிருந்து ஒவ்வொரு நோயாளிக்கும் தாமே முதன்மைப் பொறுப்பேற்கிறார். கடைசிப் படியில் அவர் தொலைபேசியில் கிடைத்தால் போதும், பொறுப்பு உங்களுடையது. எந்தப் படியில் தொடங்கி எப்போது அடுத்ததற்கு நகர்வது என்பதை உங்கள் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். நீங்கள் எழுதாவிட்டால் அவர்கள் எழுதுவார்கள், அது நீளமாக இருக்கும்.

3 மார்ச்

நேற்று எழுதியது நடைமுறை. மேற்பார்வை எதற்கு என்பதற்கு ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

நீண்ட இடைவெளிக்குப் பின் திரும்பிய ஒரு மருத்துவர் என் மேற்பார்வையில் இருந்தார். வாந்தியும் வயிற்று வலியுமாக ஒரு நீரிழிவு நோயாளி வந்தார். மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் இருந்தது. இரத்தச் சர்க்கரை 190. அந்த மருத்துவர் பயிற்சி பெற்ற காலத்தின் பாடப்படி கீட்டோ அமிலத்தன்மை (கீட்டோன் சேர்ந்து இரத்தம் அமிலமாகும் ஆபத்தான நிலை) என்றால் சர்க்கரை தாறுமாறாக ஏறியிருக்க வேண்டும். 190 என்பது அந்த நோயறிதலை ஓரம் தள்ளக்கூடிய எண். அவர் மருந்துப் பட்டியலைக் கையில் எடுத்து, ஒரு பெயரின் மேல் விரலை வைத்து, “இந்த மருந்து நான் பணியில் இருந்தபோது கிடையாது, இது என்ன செய்யும் என்று எனக்குச் சொல்லுங்கள்” என்றார். அது டாபாகிளிஃப்லோசின். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் இந்த மருந்துக் குடும்பத்தில் சர்க்கரை அதிகம் ஏறாமலேயே கீட்டோ அமிலத்தன்மை வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது 2015 மே மாதத்தில்தான். கீட்டோனையும் தமனி இரத்த வாயுவையும் பார்த்தோம். கீட்டோன் உயர்ந்திருந்தது, இரத்தம் அமிலமாகியிருந்தது, சிகிச்சை உடனே தொடங்கியது.

அவருடைய நோயறியும் கண்ணில் குறை எதுவும் இல்லை. மூச்சைக் கவனித்தார், எண்ணுக்கும் ஆளுக்கும் பொருத்தம் இல்லை என்று உணர்ந்தார். அவருக்குத் தெரியாமல் இருந்தது, அவர் இல்லாத ஆண்டுகளில் வந்து சேர்ந்த ஒரு மருந்து. கேட்டதும் தெரிந்துவிட்டது. கேட்பதற்கு அருகில் ஒருவர் இருக்க வேண்டும் என்பதைத்தான் அந்த நிபந்தனை ஏற்பாடு செய்கிறது. அன்றைய அறிக்கையில் நான் அவரைப் பற்றி எழுதிய மிக நல்ல வரி, தெரியாததைத் தெரியாது என்று தயங்காமல் சொல்கிறார் என்பது.

9 மார்ச்

ஒரு துணைக் கேள்வி: விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது வீட்டாருக்கும் நெருங்கியவர்களுக்கும் மருந்து எழுதிக் கொடுக்கலாமா?

கூடாது. பழைய மருந்துச்சீட்டுப் புத்தகம் இருந்தால் இன்றே கிழித்துப் போடுங்கள். உரிமம் இல்லாத நாளில் எழுதிய ஒரே ஒரு சீட்டு, ஒரு மருத்துவச் சான்றிதழ், தொலைபேசியில் சொன்ன ஒரு மருந்தளவு, நிர்வாக விவகாரமாக இருந்த உங்கள் கோப்பை ஒழுக்க விவகாரமாக மாற்றிவிடும். பல நாடுகளில் அது குற்றமும்கூட. காப்பீடும் துணைக்கு வராது. உரிமமற்ற காலத்துச் செயலைப் பொறுப்புக் காப்பீட்டு ஒப்பந்தங்கள் பொதுவாக ஏற்பதில்லை. வேறொரு மருத்துவரிடம் அனுப்புங்கள். கோபித்துக்கொள்ளும் உறவினர் பின்னர் சமாதானமாகிவிடுவார்.

17 மார்ச்

2020ஐ எடுத்துக்காட்டி ஒருவர் மடக்கியிருக்கிறார்: பெருந்தொற்றின்போது எந்தச் சான்றும் கேட்காமல் ஓய்வு பெற்றவர்களைத் திரும்ப அழைத்தார்களே, அப்போது தேவைப்படாத ஆவணங்கள் இப்போது ஏன்?

நல்ல கேள்வி. அந்த மார்ச்சில் பிரிட்டனில் நடந்ததைப் பாருங்கள். 1983ஆம் ஆண்டு மருத்துவச் சட்டம் நெருக்கடி காலத்துக்கென்று வழங்கியுள்ள அதிகாரத்தைக் கொண்டு, விலகிச் சென்ற ஆயிரக்கணக்கான மருத்துவர்களுக்கு ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் தற்காலிகப் பதிவு அளித்தது. அவர்கள் விண்ணப்பிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. ஆனால் யாருக்கு அளித்தது? முதலில், நன்னிலையில் விலகி மூன்று ஆண்டுகளுக்கு உட்பட்டவர்களுக்கு. அடுத்து, ஆறு ஆண்டுகள் வரை ஆனவர்களுக்கு. படிவம், கட்டணம், காத்திருப்பு என்று கைவிடக்கூடியதையெல்லாம் கைவிட்ட அந்த அவசரத்திலும், நன்னிலையையும் கடைசியாகப் பணியாற்றிய காலத்தையும் அவர்கள் கைவிடவில்லை. நான் முதல் நாள் சொன்ன இரண்டாவது தேதி அங்கேயும் இருக்கிறது.

உங்கள் வாதத்தில் நியாயமான பகுதியும் உண்டு. வேண்டுமென்றால் வேகமாகச் செயல்பட முடியும் என்பது அப்போது வெளிப்பட்டுவிட்டது. அந்த வேகம் ஏன் தொடரவில்லை என்று கேட்டால் நானும் உங்கள் பக்கம்தான்.

9 ஏப்ரல்

தொடர்கல்வி மணிகளைப் பற்றிப் பிப்ரவரியில் எழுதியது போதாது என்று தோன்றுகிறது. இணையத்தில் உட்கார்ந்த இடத்திலேயே வேண்டிய மணிகளை ஒரு வார இறுதியில் சேர்த்துவிடலாம், பலர் சேர்க்கிறார்கள். கணக்குக்கு அது செல்லும். ஆனால் எண்ணிக்கையோடு பொருத்தத்தையும் பார்க்கும் குழுக்கள் இருக்கின்றன. குழந்தை மருத்துவத்துக்குத் திரும்ப விரும்புபவர் இணைத்த சான்றுகளில் பெரும்பகுதி மருத்துவமனை நிர்வாகத்தைப் பற்றியதாக இருந்தால், மணிகள் நிறைந்தும் கேள்வி எஞ்சும்.

எனக்கு உதவியது வேறு. விலகியிருந்த ஆண்டுகளில் என் துறையின் சிகிச்சை வழிகாட்டிகளில் என்னென்ன மாறியது என்று ஒரு பட்டியல் போட்டேன்: பழைய நடைமுறை, புதிய நடைமுறை, மாறிய ஆண்டு. இதயம் நின்றவருக்கு முதலில் சுவாசப்பாதையைப் பார்ப்பது என்ற வரிசை 2010இல் மார்பை அழுத்துவதில் தொடங்குவது என்று மாறியது, குருதித் தொற்றின் வரையறை 2016இல் மாறியது, இப்படி ஒவ்வொன்றாக. அந்தப் பட்டியலைத் திட்டத்தோடு இணைத்தேன். கேட்கப்படாத ஆவணம். நேர்காணலில் அவர்கள் சான்றுகளைப் புரட்டவில்லை, அந்தப் பட்டியலிலிருந்தே கேள்விகள் கேட்டார்கள்.

இந்தியாவைப் பற்றிப் பின்னர் என்று விட்டதும் இங்கேதான் பொருந்துகிறது. விதி நோயாளி மணிக்கணக்கைக் கேட்காத இடத்தில், திரும்பி வருபவர் தமக்குத் தாமே இத்தகைய பட்டியலையும் இன்னொரு மருத்துவருடன் சேர்ந்து சில மாதப் பணியையும் விதித்துக்கொள்வதைத் தவிர வேறு பாதுகாப்பு அவருக்கும் இல்லை, நோயாளிக்கும் இல்லை. உரிமம் கையில் வந்த மறுநாளே தனியாக இரவுப் பணி ஏற்பது சட்டப்படி சரியாக இருக்கலாம். நான் ஏற்க மாட்டேன்.

10 ஏப்ரல்

பரிந்துரை யாரிடம் வாங்குவது என்ற கேள்விக்குச் சுருக்கமாக: புகழ்பெற்றவரிடம் வேண்டாம், உங்களோடு பணியாற்றியவரிடம் வாங்குங்கள். நீங்கள் மாணவராக இருந்தபோது தங்கப் பதக்கம் வாங்கியதைப் பேராசிரியர் எழுதுவார். குழுவுக்கு அது தேவையில்லை. சக மருத்துவர் ஒருவர் இவரோடு இத்தனை மாதம் ஒரே வார்டில் இருந்தேன், இவருடைய முடிவுகளை நேரில் பார்த்தேன் என்று எழுதும் நான்கு வரிகள் அதைவிடக் கனமானவை.

28 மே

கேள்வி கேட்டவருக்குப் பதில் வந்திருக்கிறது. கட்டணமும் ஆவணங்களும் ஏற்கப்பட்டன. மேற்பார்வையின் கீழ் பணியாற்றும் நிபந்தனையுடன் உரிமம், மேற்பார்வையாளரின் அறிக்கைகளுக்குப் பிறகு மறுபரிசீலனை. நிபந்தனை பொதுப் பதிவேட்டில் எல்லாரும் பார்க்கும்படி இருக்குமே என்பது அவருடைய வருத்தம்.

இருக்கும். நோயாளிகளில் ஒரு சிலர் கேட்கவும் கேட்பார்கள். பணிக்கு இடைவெளி விட்டுத் திரும்பியிருக்கிறேன், இன்னாரோடு சேர்ந்து பார்க்கிறேன் என்று சொன்னால் போதும். என்னிடம் கேட்டவர்களில் எழுந்து போனவர் யாருமில்லை. அதைவிட முக்கியமான ஒன்று: நிபந்தனைக் கடிதத்தில் மேற்பார்வையாளரின் பெயரும் பணியிடமும் குறிப்பிடப்பட்டிருந்தால், அவர் விடுப்பில் போகும் நாளில் நீங்கள் பணியாற்ற முடியாது. மாற்று மேற்பார்வையாளர் ஒருவரின் பெயரையும் இப்போதே ஒப்புதலுக்கு அனுப்பிவிடுங்கள்.

14 ஜூலை

இன்னும் விலகாதவர்களிடமிருந்து கேள்விகள் வருகின்றன: நீண்ட விடுப்பு எடுக்கப் போகிறோம், உரிமத்தைக் காலாவதியாக விடுவதா, கட்டிக்கொண்டே இருப்பதா?

இரண்டும் வேண்டாம், மூன்றாவது வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் பணிபுரியாதவர்களுக்கென்று தனிப் பதிவு வகை உண்டு. பிரிட்டனில் உரிமத்தைத் துறந்து பதிவை மட்டும் வைத்திருக்கலாம். பல அமெரிக்க மாநிலங்களில் செயல்படா நிலை என்ற வகை இருக்கிறது. இவற்றில் நீங்கள் நோயாளிகளைப் பார்க்க முடியாது, ஆனால் கோப்பு மூடப்படாது, நன்னிலை அறுந்து போகாது, முகவரி மாறினால் அவர்களுடைய கடிதம் உங்களுக்கு வந்து சேரும். இரண்டாவது தேதியை இந்த வகை எதுவும் நிறுத்தி வைக்காது என்பதையும் மறக்க வேண்டாம். முடிந்தால் ஆண்டுக்குச் சில வாரங்களாவது பணியாற்றும்படி விடுப்பை அமைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியக் கணக்கில் நான்கு வாரங்கள் போதும். அது இயலாதவர்கள், கிளம்புவதற்கு முன் தங்கள் பயிற்சிச் சான்றுகளுக்கும் பணிச் சான்றுகளுக்கும் சான்றளிக்கப்பட்ட நகல்களை வாங்கி வைத்துக்கொண்டு கிளம்பவும்.